சேர்வராயன் மலைச் சேற்றில் டீசல் பிக்கப்: ஓட்டும் முறையும் மீட்கும் முறையும்

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எஸ்டேட் பாதைகளின் குணமே மாறிவிடும். அதே நேரத்தில்தான் காபிப் பழம் பறிக்கும் வேலையும் தொடங்கும். மழையைக் காரணம் காட்டி வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. பழ மூட்டை இறங்கியாக வேண்டும், ஆட்களை ஏற்றி இறக்கியாக வேண்டும். பொலேரோ பிக்கப், வி-கிராஸ், ஹைலக்ஸ் என்று புதிதாக வண்டி எடுத்து, இந்தப் பாதைகளில் முதன்முறையாக இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்றில் புதைந்து நிற்கும் வண்டி யாரையும் ஒன்றும் செய்யாது. கயிறு கட்டி அதை வெளியே இழுக்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் கை கால் போகிறது, சில சமயம் உயிரே போகிறது. அதனால் ஓட்டுவதைவிட மீட்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவை காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 2 டன். சேற்றில் அழுத்துவது இந்த எடைதான். ஆனால் டீசல் எஞ்சினுக்கு ஒரு பலம் உண்டு: குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடும். கையால் கியர் மாற்றும் ஹைலக்ஸ் நிமிடத்துக்கு 1400 சுற்றிலேயே 420 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகிறது. ஆகவே உறும விட்டு ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. லோ கியரில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி ஊர்ந்து போகும்.

பிக்கப்பில் எஞ்சின் எடை முழுவதும் முன்னால். பின் தொட்டி காலியாக இருந்தால் பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைவு. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண பொலேரோ பிக்கப் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் நான்கைந்து மணல் மூட்டையைத் தொட்டியில் போட்டு, நகராமல் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி) இருக்கிறவர்களுக்கு: அதைப் போட்டதும் பெரும்பாலான பிக்கப்களில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் கியர்பாக்ஸ் இறுகி, தேய்ந்து கெடும். சேறு தொடங்கும் முன் போடுங்கள், தாரில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு ஃபோர் வீல் போடலாம் என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் பலரிடம் நான் பார்க்கிற பழக்கம். அதற்குள் பின் சக்கரம் பள்ளம் தோண்டியிருக்கும்.

2. இறங்கி நடந்து பாருங்கள்

கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, கடக்க வேண்டிய இடம் முழுவதும் நடந்து பாருங்கள். அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு எடுத்துப் போங்கள்.

இங்கே சேறு இரண்டு வகை. ஒன்று, செம்மண் பாதையில் மேலே மட்டும் இரண்டு விரல் கடை ஈரமாகி, அடியில் கெட்டியாக இருப்பது. வண்டி புதையாது, ஆனால் வழுக்கும். இன்னொன்று, ஊற்றுத் தண்ணீர் கசியும் வளைவுகளிலும் ஓடை குறுக்கே போகும் இடங்களிலும் இருக்கும் ஆழமான சகதி. குச்சியைக் குத்தினால் முழங்கால் உயரத்துக்கு இறங்கும். மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் குச்சி. சக்கரத்தின் நடு அச்சு உயரத்துக்குக் குச்சி இறங்கினால், தனி வண்டியாக அதில் போகவே போகாதீர்கள்.

பாதையின் ஒரு பக்கம் சரிவாக இருந்து, பாதையும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், மழையில் அதைத் தொடவே வேண்டாம். வழுக்கும் வண்டி எப்போதும் பள்ளத்தை நோக்கித்தான் போகும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அங்கே திருத்திக்கொள்ள இடம் கிடைக்காது. மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம்.

எஸ்டேட் பாதை தனியார் நிலம், கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி விடக்கூடாது.

3. காற்றைக் குறையுங்கள்

செலவே இல்லாத உதவி இது. ரோட்டில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ வைத்திருப்போம். சேற்றுக்கு 20 அளவுக்கு இறக்கலாம். டயர் நீளவாக்கில் படிந்து தரையில் அதிக இடம் பிடிக்கும். எடை பரவும், டயரின் பட்டனும் (மேலே துருத்தி நிற்கும் கட்டைகள்) மண்ணைக் கவ்வும். தொட்டியில் லோடு இருந்தால் அவ்வளவு குறைக்காதீர்கள். 15க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். காற்றளவு பார்க்கும் கேஜும், பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசரும் வண்டியிலேயே இருக்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி இறங்குவீர்கள்?

4. ஓட்டும்போது

ஆழமான சகதிக்கு லோவில் (ஃபோர் வீலில் வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலை) இரண்டாம் கியர். மேலே மட்டும் வழுக்கும் சமதளத்துக்கு ஹையில் (ஃபோர் வீலின் சாதாரண வேக நிலை) இரண்டாம் கியர் போதும். வழுக்கலைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். சகதியின் நடுவில் அது எஞ்சின் இழுவையை அறுத்துவிடும்.

உள்ளே போவதற்கு முன்பே கியரையும் வேகத்தையும் முடிவு செய்யுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள், கிளட்சைத் தொடாதீர்கள். கிளட்சை அழுத்திய அந்த நொடியில் வண்டி நின்றுவிடும். நின்ற இடத்தில்தான் புதையும். மனிதர் வேகமாக நடக்கும் அளவுக்குச் சீரான வேகம் போதும். ஸ்டியரிங்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கட்டை விரலை வளையத்துக்கு வெளியே வையுங்கள்; முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சுழன்று விரலை உடைக்கும்.

வேகம் குறைவது தெரிந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். டயரின் ஓரப் பட்டன்கள் தடத்தின் பக்கச் சுவரில் புதுப் பிடி தேடும். பல தடவை இதுவே வண்டியைக் கரை சேர்த்துவிடும்.

இறக்கத்தில் லோ முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வழுக்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்று வண்டி மட்டும் சறுக்கும். அப்போது துளி ஆக்சிலேட்டர் கொடுத்தால் சக்கரம் உருண்டு, ஸ்டியரிங் மறுபடி பேச்சைக் கேட்கும். ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் குறுக்கே திருப்ப முயலாதீர்கள், வண்டி புரளும். பிரேக்கில் நிறுத்தி, லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். நியூட்ரலில் உருள விடவே கூடாது.

5. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: நிறுத்துங்கள்

எல்லாம் முடிவாவது இங்கேதான். சக்கரம் சுற்றி, சேறு தெறித்து, வண்டி முன்னே போகவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். இன்னொரு பத்து நொடி ரேஸ் பண்ணினால் சேஸிஸ் தரையில் உட்கார்ந்துவிடும். ஒரு முறை, ஒரே ஒரு முறை ரிவர்ஸ் போட்டு மெதுவாக முயலலாம். வரவில்லையா? எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

மீட்பு வேலையில் ஒரு கணக்கு உண்டு. சக்கரத்தின் பாதிவரை புதைந்த வண்டியை அசைக்க ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு. லோடோடு 3 டன் இருக்கிற வண்டி மட்கார்டு வரை புதைந்தால் 6 டன் இழுக்க வேண்டும். ஒவ்வொரு பிடி மண்ணைத் தோண்டி எடுக்கும்போதும் இந்த எண் குறைகிறது. எனவே கயிற்றுக்கு முன்னால் மண்வெட்டி. தொட்டியில் லோடு இருந்தால் இறக்குங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வெட்டுங்கள். வயிற்றுப் பகுதியில் ஹவுசிங் (அச்சின் நடுவில் கியர்களை மூடியிருக்கும் இரும்பு உருண்டை) மண்ணில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த மண்ணைக் கம்பால் இழுத்து எடுங்கள். சைலன்சர் வாயில் சேறு அடைத்திருந்தால் அதையும் எடுங்கள். பிறகு சக்கரத்துக்கு முன்னால் கோணிப்பை, கல், கவாத்து செய்த காபிக் குச்சி, விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் கிளை எதுவானாலும் இறுக்கமாகச் செருகுங்கள். ஜாக்கி வைக்க வேண்டுமென்றால் அடியில் அகலமான பலகை போடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், சேற்றில் எந்த ஜாக்கியும் நம்பகமில்லை. பெரும்பாலான வண்டிகள் இந்த அளவிலேயே வெளியே வந்துவிடும்.

6. கயிறு கட்டி இழுப்பது

எங்கே கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய மீட்புக் கொக்கியில் மட்டும். பம்பர், புல்பார், ஸ்டியரிங் ராடு, ட்ரெய்லர் மாட்டும் பந்து, லாரியில் ஏற்றிக் கட்ட வைத்திருக்கும் மெல்லிய வளையம் இவை எதிலும் கட்டாதீர்கள். அவை பிய்ந்தால் கயிற்றின் நுனியில் இரும்போடு பறக்கும், கவணில் வைத்த கல் மாதிரி. கண்ணாடி அதைத் தடுக்காது.

கயிறுகளில் வித்தியாசம் இருக்கிறது. நீண்டு சுருங்கும் கைனடிக் கயிறு ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீளும். கொஞ்சம் ஓட்டத்தோடு இழுப்பதற்காகச் செய்தது. சாதாரண டோ பெல்ட், சங்கிலி, கம்பிக் கயிறு நீளாது. அவற்றில் வெடுக்கென்று இழுத்தால் கொக்கியோ கயிறோ அறுந்தே தீரும். கயிறு விறைத்த பிறகு மெல்ல இழுப்பதற்கு மட்டுமே அவை. கயிற்றின் அறுபடும் வலு வண்டியின் முழு எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஷேக்கிலில் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் U வடிவ இரும்பு வளையம்) எத்தனை டன் என்று முத்திரை குத்தியிருக்கும், பிக்கப்புக்கு 4.75 டன் வாங்குங்கள். எதுவும் எழுதாத ஷேக்கிலைத் தூக்கி எறியுங்கள். இரண்டு கயிற்றை நடுவில் ஷேக்கில் வைத்து இணைக்கவே கூடாது.

அப்புறம், கூட்டம். நம் பக்கம் வண்டி மாட்டினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் உதவிக்கு வந்துவிடுவார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், ஆனால் கயிற்றின் அருகிலேயே நிற்பார்கள். "அண்ணே, கொஞ்சம் மேட்டுக்குப் போய் நில்லுங்கண்ணே, கயிறு அறுந்தா ஆளை வெட்டிடும்" என்று உரக்கச் சொல்லுங்கள். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது. பின்னால் நின்று தள்ளுவதும் வேண்டாம். வழுக்கி விழுந்தால் சக்கரத்தடியில்தான் விழுவார்கள். கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கவே விடாதீர்கள். இரண்டு டிரைவருக்கும் சைகை காட்ட ஒரே ஒரு ஆள். கயிற்றின் நடுவில் நனைந்த கனமான கோணிப்பையைத் தொங்கவிடுங்கள், அறுந்தால் தரையில் விழ உதவும்.

இழுக்கும் வண்டி கெட்டித் தரையில், முடிந்தவரை நேர்கோட்டில் நிற்க வேண்டும். கைனடிக் கயிறானால் ஒன்றிரண்டு மீட்டர் தொய்வு விட்டு, லோவில் நடை வேகத்தில் தொடங்குங்கள். மாட்டிய வண்டியும் அதே நேரத்தில் கியரில் மெதுவாக உதவ வேண்டும். இரண்டு முறை வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மறுபடி மண்வெட்டியை எடுங்கள்.

மலையில் பல நேரம் வந்து சேருவது எஸ்டேட் டிராக்டர்தான். அதன் மெதுவான இழுவை நல்லது. ஆனால் கயிற்றை டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபாரில்தான் கட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே, சீட்டுப் பக்கமாக உயரத்தில் கட்டினால் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். கட்டும்போது அருகில் நின்று நீங்களே பாருங்கள்.

வின்ச் (கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் கருவி) வைத்திருந்தால் அதன் வலு வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். எழுதியிருக்கும் வலு, டிரம்மை ஒட்டிய அடி அடுக்கில் கயிறு இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். அதற்காக எல்லாவற்றையும் அவிழ்த்துவிடாமல், கம்பிக் கயிறானால் குறைந்தது ஐந்து சுற்று டிரம்மிலேயே இருக்கட்டும். மரத்தில் கட்டும்போது அகலமான பெல்ட்டை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றுங்கள். கம்பியை நேராகச் சுற்றினால் பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கைத் தவிர்த்து வேறு மரம் தேடுங்கள், அது ஒருவருடைய வருமானம்.

வண்டி வெளியே வந்ததும் தோண்டிய பள்ளத்தை மூடிவிடுங்கள். அடுத்து அந்த வழியில் மூட்டையோடு ஆட்கள் நடந்து வருவார்கள்.

7. சேலம் இறங்கும் முன்

அடிவாரம் நோக்கி இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குறைந்த காற்றோடு அதில் இறங்கினால் டயர் மடங்கும். தாரில் ஏறியதும் முதல் வேலை காற்று நிரப்புவது. அடுத்து, சமதளத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பல முறை மிதித்து ஈரத்தையும் மண்ணையும் போக்குங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகே முதல் வளைவு. ஸ்டியரிங் நடுங்கினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ரிம்முக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மண்தான் காரணம். ஒரு குச்சியால் சுரண்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர் முகத்தை மெல்லிய அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த செம்மண் சிமெண்டு போல் பிடித்துக்கொண்டால் அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும். ஜாயிண்ட் ஷாஃப்ட் கிராஸுக்கு (சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) கிரீஸ் அடியுங்கள். ஓடைத் தண்ணீரில் ஹவுசிங் மூழ்கியிருந்தால் அதன் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது; அன்றே மாற்றுங்கள். கயிற்றைச் சேறு போகக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். நாருக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே அறுக்கும். எங்காவது வெட்டோ, உருகிய தடமோ தெரிந்தால் அந்தக் கயிறு இனி லோடு கட்ட மட்டும்.