பழைய பாலிஹவுஸ் ஷீட்டில் ஸ்கூட்டர் சீட் கவர்

கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் பூ போட்டவர்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், பாலிஹவுஸ் என்கிற பூக்குடிலின் கூரையிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றாவது கிடக்கும். கனம் பெரும்பாலும் 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. மூன்று நான்கு வருடத்தில் மங்கிப்போய் செடிக்கு வெளிச்சம் பத்தாது என்று மாற்றிவிடுவார்கள். பூவுக்குத்தான் ஆகாது, மழைக்கு இன்னும் தாராளமாக ஆகும்.

முதலில் ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தி நீவுங்கள். மடிப்பில் வெடித்தாலோ, மாவு மாதிரி உதிர்ந்தாலோ அந்த ஷீட் வேண்டாம். இரும்புக் குழாய் மேல் படிந்து கிடந்த பட்டைதான் சூட்டில் முதலில் போகும், அதை வெட்டித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுங்கள்.

கழுவுவதுதான் பெரிய வேலை. மேலே பாசி, உள்ளே பல வருடம் அடித்த பூச்சி மருந்து. கையுறை போட்டுக்கொண்டு சோப்புத்தூள், தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும், அந்தத் தண்ணீரை ஓடையிலோ கீரைப் பாத்தியிலோ விடக்கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் மருந்து முழுசாகப் போய்விட்டது என்று நான் நம்ப மாட்டேன். அதனால் காய்கறி, சாப்பாடு, குழந்தைகள் சாமான் எதற்கும் இது கூடாது. அயர்ன் பாக்ஸ் வைத்து உருக்கி ஒட்டும் வேலையும் வேண்டாம். தூக்குப் பை தைக்கலாமே என்று தோன்றும், ஆனால் பிளாஸ்டிக் தூக்குப் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, நம் நீலகிரி மாவட்டத்தில் சோதனையும் கடுமை.

சரி, சீட் கவருக்கு வருவோம். சீட்டின் நீள அகலத்தை அளந்து, நாலு பக்கமும் 20 செ.மீ. கூட்டி வெட்டுங்கள், மூலைகளை வளைவாக்குங்கள். ஓரத்தை 3 செ.மீ. உள்ளே மடித்துச் சுற்றிலும் தையுங்கள், எலாஸ்டிக் நுழைக்க மட்டும் ஒரு விரல்கடை திறந்து விடுங்கள். மடிப்பைப் பிடிக்க குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும், துணி காயப்போடும் கிளிப் போதும். 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மி.மீ. நான் முதல் தடவை துணிக்குப் போடுவது போல நெருக்கமாகத் தைத்தேன், மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் அடித்த காற்றில் தபால் தலை கிழிகிற மாதிரி ஓரம் முழுக்கத் தனியாக வந்துவிட்டது. மெஷின் காலில் ஷீட் ஒட்டிக்கொண்டு நகராமல் படுத்தும். மேலே ஒரு செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்து, அப்புறம் கிழித்து எடுத்துவிடுங்கள். வண்டியில் உட்காரும்போது கவரைக் கழற்றிவிட வேண்டும், வழுக்கும்.

மிச்சத்தில் பெரிய துண்டு விறகுக்கு. மேலேயும் காற்றடிக்கிற பக்கமும் மட்டும் மூடுங்கள், முழுக்கச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிகளில் பூச்செடி மேல் குச்சி நட்டு, இலையில் படாமல் விரிக்கலாம், வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். துண்டு துணுக்குகளை அடுப்பில் போடாமல், காட்டுமாடு மேயும் சரிவிலும் வீசாமல் ஒரு சாக்கில் கட்டி, குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுத்துவிடுங்கள்.