ஸ்கிரீன் ரீடரில் பிழை திருத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பார்வை இல்லாதவர். அலுவலக வேலை முழுக்க லேப்டாப்பில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் துணையோடு செய்கிறார். ஒருநாள் அதில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, "சரியாயிடுச்சு அண்ணா" என்றேன். நாலு முறை டேப் விசையைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, நீ பாத்து சரி பண்ணியிருக்க. நான் கேட்டுத்தானே வேலை செய்யணும்?" என்றார்.

திரையில் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இப்போது நிற்கும் இடம், சரியான பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்தப் பொத்தானின் பெயர் இரண்டு தடவை வந்ததை அவர் கேட்டார். அவர் பேச்சை ஓடவிடும் வேகத்தில் என் காதுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. ஒரு காதில் இயர்போன், மறு காது பக்கத்தில் பேசுபவர்களுக்கு. கூடுதலாக ஒரு சொல் வந்தால், நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தடவை அதை அவர் கேட்டாக வேண்டும்.

அதனால் பெரிய தவறு, கண்ணால் சோதிப்பதுதான். மானிட்டரை அணைத்துவிடுங்கள். மவுஸைத் தள்ளி வையுங்கள். மவுஸ் போகிற இடத்தைப் படிப்பதும் விசைப்பலகையின் ஃபோகஸைப் படிப்பதும் நிரலில் வெவ்வேறு வழிகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது. இணையப் பக்கமென்றால், பக்கத்தைப் படித்துக்கொண்டே நகரும் உலாவும் நிலையிலும், பெட்டிகளில் தட்டச்சு செய்யும் எழுதும் நிலையிலும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

என்விடிஏவை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர். இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பெரும்பகுதி பைத்தான் என்ற நிரல்மொழி. வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு நானும் அதைத் திருத்த முடிவது அதனால்தான். ஆனால் நிரலைத் திறப்பதற்கு முன்னால் குற்றம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கருவிகள் மெனுவில், பேசுவதை எழுத்தாகக் காட்டும் சாளரம் ஒன்று உண்டு. அங்கே எழுத்து சரியாக இருந்து காதில் தவறாக விழுந்தால், கோளாறு, எழுத்தைக் குரலாக்கும் இ-ஸ்பீக் போன்ற குரல் எந்திரத்திலோ உச்சரிப்பு அகராதியிலோ இருக்கலாம். ஆட்-ஆன்களை, அதாவது என்விடிஏவில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்களை, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் பிழை மறைகிறதா? அப்படியானால் அவற்றில் ஒன்றுதான் காரணம். தமிழில் இன்னொன்றும் உண்டு. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' திரையில் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, செமிகோலன், கே, எச். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்ற வேண்டியது கோப்பை; என்விடிஏவைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது, எந்தச் சொல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்று என்விடிஏவுக்குச் சொல்லும் உச்சரிப்பு அகராதியில் அவசரமாகப் போடும் ஒட்டு. 'மீ' என்று வந்தால் 'மீட்டர்' என்று படிக்கட்டும் என நான் ஒரு பதிவு போட்டேன், எங்கே வந்தாலும் மாற்று என்ற அமைப்போடு. மறுநாள் காசிமேட்டு மீன் விலை பற்றிய செய்தியில் மீன் எல்லாம் 'மீட்டர்ன்' ஆகியிருந்தது. சரி, சொல் எல்லையைப் பார்க்கச் சொன்னால் தீருமே என்று தோன்றும். தீராது. இப்படிச் சொற்களைத் தேடி மாற்றுவதற்குப் பைத்தானோடு வரும் 'ரீ' தொகுதி, தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுக்காது. 'மீன்' என்பதில் ஈகாரக் குறிக்கும் 'ன'வுக்கும் நடுவே சொல் முடிந்துவிட்டதாக நினைத்து மாற்றிவிடும். தனியாக நிற்கும் 'மீ'யை விட்டுவிடும். நாம் கேட்டதற்கு நேர் எதிர்! முன்னும் பின்னும் யூனிகோடின் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த எந்தக் குறியும் வரக்கூடாது என்று நீங்களே விதி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை விட வேண்டும்.

நிகழ்வைக் கவனிக்கும் நிரலுக்குள் 'அரை நொடி தூங்கு' என்று எழுதுவதும் வேண்டாம். என்விடிஏ விசை, பேச்சு, ஃபோகஸ் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒரே முதன்மை இழையில்தான் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரே வரிசையில்) கவனிக்கிறது. அது தூங்கினால் அடுத்த பேச்சும் வராது.

பிழையைத் தெரிவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "படிக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், என்விடிஏ, விண்டோஸ் பதிப்புகள் எவை, இவ்வளவும் வேண்டும். என்விடிஏ தன் நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பை இணைக்கும்போது கவனம்: உள்ளீடு, வெளியீடு இரண்டையும் பதியும் நிலையில் வைத்திருந்தால், நீங்கள் அடித்த ஒவ்வொரு விசையும் அதில் இருக்கும். வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம்.

இன்னொரு தவறை நானே செய்திருக்கிறேன். சோதனைப் பதிப்பை அந்த அண்ணனின் லேப்டாப்பில் நேரடியாக நிறுவிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அது பேசவில்லை. பேசாத கணினியில் பழைய பதிப்பைத் திரும்ப நிறுவ அவரால் எப்படி முடியும்? மாலை நான் போகும்வரை காத்திருந்தார். இப்போது சோதனைப் பதிப்பை நிறுவத் தேவையில்லாத தனி நகலாக, தனிக் கோப்புறையில்தான் கொடுக்கிறேன். அது ஊமையாகிவிட்டால் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் சொந்த நரேட்டர் பேசத் தொடங்கும். கொடுக்கும் முன் அந்த மூன்று விசைகளையும் அவர் கையாலேயே ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன்.