வெளிநாட்டு இல்லத்திலிருந்து வந்த பிள்ளையின் லட்சியம்: கோலாலம்பூர் பெற்றோருக்குச் சில வழிகள்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டு வந்து செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வளரும் பிள்ளை, மூன்றாம் படிவ முடிவில் "நான் டாக்டராகணும்" என்றால் வீடே குளிர்ந்துபோகும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குள் மூன்று கலந்திருக்கலாம்: சொந்த விருப்பம், வளர்த்தவர்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் எண்ணம், விட்டுவந்த இடத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற உறுத்தல். நான்காம் படிவப் பாடத் தொகுப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

"ஏன்?" என்று கேட்காதீர்கள், மனப்பாடமான பதில்தான் வரும். "அந்த வேலையில திங்கட்கிழமை காலையில என்ன செய்வே?" என்று கேளுங்கள். வார்டு, நோயாளி, ரத்தம் என்று பேச்சு ஓடினால் விருப்பம் இருக்கிறது. "அம்மா சந்தோஷப்படுவாங்க" என்பதோடு நின்றால் அது கடன். அடுத்த கேள்வி: "அது கிடைக்கலேன்னா யாருக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்?" இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். டியூஷன் முடிந்து காரில் வரும்போது, முகம் பார்க்காமல் பேசும் பேச்சில்தான் உண்மை வெளியே வரும்.

கடன் என்று தெரிந்தால் லட்சியத்தைக் கெடுக்காதீர்கள், கடனை மட்டும் தள்ளுபடி செய்யுங்கள். "நீ என்ன படிச்சாலும் இந்த வீடு உன் வீடுதான்" என்று ஒருமுறை சொன்னால் போதாது. மதிப்பெண் குறைந்த நாளில் சொன்னால்தான் காதில் ஏறும். தீபாவளிக்கு வரும் உறவினர் "உன்னை எங்கிருந்து எடுத்து வளர்த்தாங்க, நன்றி மறக்காதே" என்றால், பிள்ளை முன்னாலேயே பேச்சை நிறுத்துங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளும் இடம் இதுவல்ல.

லட்சியமே இல்லாத பிள்ளையும் உண்டு. "எதுவா இருந்தாலும் சரிப்பா" என்பதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியடித்து நடந்த இடத்தில் தேர்ந்தெடுக்கும் பழக்கமே வளர்ந்திருக்காது. கேட்டதைக் கேட்டபடி செய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் அடியில் இருக்கலாம். சின்னதாகத் தொடங்குங்கள்: எந்தப் புறப்பாட நடவடிக்கை, எந்த டியூஷன், மாதம் 50 வெள்ளியை எப்படிச் செலவழிப்பது. அவன் தேர்ந்தது தவறானாலும் அந்தப் பருவம் முடியும்வரை நீங்கள் மாற்றாதீர்கள்.

படிப்பில் தடுமாற்றம் இருந்தால் இல்லத்தில் எத்தனை மாதம் இருந்தான் என்பது முக்கியம். ருமேனிய இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மிக மோசமான அந்த இல்லங்களில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களிடம் கவனச் சிதறல் போன்ற சிக்கல்கள் வளர்ந்த பிறகும் கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்களின் அறிவுத்திறன் நாளடைவில் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் குறிப்பிடத்தக்க சிக்கலே இல்லை. ஆகவே பையன் புத்தகத்தின் முன் பத்து நிமிடம் உட்கார முடியாமல் எழுந்தால் முதலில் கவனத்தைப் பரிசோதிக்க வேண்டும். மனநல மருத்துவரிடம் இல்ல வாழ்க்கையின் கால அளவை மறைக்காமல் சொல்லுங்கள். மொழியையும் கணக்கில் எடுங்கள். பேச்சு மலாய் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடநூல் மலாய்க்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கலாம்.

இனி பத்திரங்கள். பல கனவுகள் உடைவது இங்கேதான். 1952 தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை கிடைத்தாலும் அதனால் மட்டும் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை வந்துவிடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ்தான் மனுச் செய்ய வேண்டியிருக்கும். அது அரசின் விருப்புரிமை. ஆண்டுக்கணக்கில் இழுக்கும், காரணம் சொல்லாமலும் நிராகரிப்பார்கள். தத்தெடுப்பு ஆணை, பிறப்புப் பத்திரம், பிள்ளையின் கடப்பிதழ், இல்லம் கொடுத்த ஒப்படைப்புக் கடிதம், பள்ளிச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறுதிப்படுத்திய நகல்களைக் கொடுங்கள். மனு ரசீதைத் தொலைக்காதீர்கள். ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்குங்கள், 18 வயது நெருங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குடியுரிமை இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் இல்லை, அரசு வேலை இல்லை. போலீஸ் ஆக வேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்லிவந்த பிள்ளை இதை ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு கேள்விப்படக் கூடாது. நிலைமையைப் பதின்மூன்று வயதிலேயே சொல்லி, குடியுரிமை வந்தால் ஒரு வழி, வராவிட்டால் இன்னொரு வழி என்று இரண்டையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தத்தெடுப்பையே மறைத்து வைத்திருக்கும் வீடுகளில், 12 வயதில் மைகார்டு என்னும் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது கௌண்டரில் விஷயம் உடைந்துபோகும். அதற்கு முன்பே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

பிரபலங்களைக் காட்டி உற்சாகப்படுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வியட்நாமில் ஓர் இல்லத்திலிருந்து ஜெர்மனிக்குத் தத்துப்போன பிலிப் ரோஸ்லர் மருத்துவரானார், 2011இல் துணைச் சான்சலரும் (துணைப் பிரதமர் போன்ற பதவி) ஆனார். அவர் போனது ஒன்பது மாதக் குழந்தையாக. ஐந்து வயதில் வந்த பிள்ளையிடம் அவரைக் காட்டினால், "நீ ஏன் இன்னும் அப்படி ஆகல?" என்றுதான் அதன் காதில் விழும்.

"நான் இருந்த இல்லத்துக்கே போய் வேலை செய்யணும்" என்ற ஆசை அடிக்கடி வரும். நல்ல ஆசைதான், ஆனால் இரண்டு வாரம் போய்க் குழந்தைகளோடு விளையாடிவிட்டுத் திரும்புவது அவர்களுக்கு இன்னொரு பிரிவாகிவிடும். சமூகப் பணி, தாதிமை, சிறப்புக் கல்வி என்று படிப்பாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். பணம் அனுப்புவதானால் இல்லத்திடமே தேவை கேட்டு அனுப்புங்கள்.

பிறந்த குடும்பத்தைத் தேடும் எண்ணம் வந்தால், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 18 வயதுக்குப் பிறகு அங்குள்ள மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவிடம் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் வளர்ப்புப் பெற்றோரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் மூலம் தேடுவதை அங்குள்ள விதிகள் அனுமதிப்பதில்லை. முகநூலில் யாராவது "கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எஸ்பிஎம் ஆண்டில் இதைத் தொடங்க வேண்டாம். தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களே இதற்குத் தோதான காலம்.