விலை குறைந்த டயர் வார்மர்: மாட்டுவதிலிருந்து கழற்றுவது வரை

ரேஸ் டிராக்கில் பைக்கை இறக்கும் முன் டயரைச் சூடேற்ற, அதன்மேல் சுற்றிவிடும் மின்சாரப் போர்வைதான் டயர் வார்மர். முதலில் ஒன்று: எல்லா டயருக்கும் வார்மர் தேவையில்லை. சாலையில் ஓட்டும் சாதாரண டயர் என்றால், ஒன்றிரண்டு லேப் (டிராக்கை ஒரு முறை முழுக்கச் சுற்றுவது) நிதானமாக ஓட்டினாலே போதுமான சூட்டுக்கு வந்துவிடும். ஸ்லிக் (பள்ளக் கோடு இல்லாத வழவழப்பான டயர்), ரேஸுக்கென்றே செய்த டயர் இவையெல்லாம் வேறு ரகம். சூடேறாமல் பிடிப்பே கிடைக்காது, ஆறிப்போன டயரில் முதல் வளைவிலேயே விழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு ஒவ்வொரு முறை முழுக்க சூடாகி முழுக்க ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. ஒரு செஷனுக்கும் (டிராக்கில் ஒரு முறை இறங்கி ஓட்டும் நேரம்) அடுத்ததற்கும் இடையே வார்மரிலேயே வைத்திருந்தால் அந்தச் சுற்று குறையும், டயரும் நாள்பட உழைக்கும்.

விலை குறைந்த வார்மரில் பெரும்பாலும் ஒரே வெப்பநிலைதான், 80 டிகிரி செல்சியஸை ஒட்டி. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் அந்தச் சூடு வந்ததும் கரண்டை நிறுத்தி, ஆறத் தொடங்கினால் மறுபடி விடும். இது போதும். மழை டயருக்கு மட்டும் இந்தச் சூடு அதிகம், அதில் மாட்டாதீர்கள். வாங்கும்போது பின் டயரின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். 180, 190 மில்லிமீட்டர் அகலத்துக்கானதை ஒல்லியான டயரில் சுற்றினால் தொளதொளவென்று நிற்கும், சூடு சரியாக ஏறாது.

அடுத்தது கரண்ட், நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு ஜோடி வார்மர் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். 1,200 வாட் என்று வைத்தால் 230 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர், 110 வோல்ட்டில் அதுவே 11 ஆம்பியர். எந்த வோல்ட்டுக்குச் செய்தது என்று லேபிளில் பாருங்கள். ஜெனரேட்டர் என்றால் தொடர்ந்து தாங்கும் வாட் கணக்குதான் முக்கியம், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச அளவு அல்ல. எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும், சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே விட்டதில் என் வயர் ஒருமுறை உறை இளகும் அளவுக்குச் சூடாகிவிட்டது.

சரி, மாட்டலாம். பைக்கைத் தூக்கி நிறுத்த முதலில் பின் ஸ்டாண்ட், அப்புறம் முன் ஸ்டாண்ட், இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும். டயரில் ஒட்டியிருக்கும் கல், ரப்பர் துணுக்கைத் துடைத்துவிடுங்கள். வயர் வெளியே வரும் பக்கம் சைலன்சரிலும் பிரேக் டிஸ்க்கிலும் படாதபடி திருப்பி, வார்மரைச் சுற்றி, வெல்க்ரோவை இறுக்கமாக ஒட்டுங்கள். சூடேற்றும் பகுதி ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது, அந்த இடம் கருகும். பக்கவாட்டுத் துணி ரிம்மை மூடினால்தான் காற்றில் சூடு போகாது. எல்லாம் முடிந்த பிறகுதான் சுவிட்ச். டயரில் சுற்றாத வார்மருக்கு ஒருபோதும் கரண்ட் கொடுக்காதீர்கள், பெட்ரோல் ஊற்றும் நேரத்தில் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

இனி பொறுமை. இருபது நிமிடத்தில் மேல் ரப்பர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்துவிடும், ஆனால் உள்ளே இன்னும் ஆறித்தான் இருக்கும். குறைந்தது 45 நிமிடம், குளிர் நாளில் ஒரு மணி நேரம் விடுங்கள். அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வெளிப்பரப்பை மட்டும்தான் காட்டும், அதனால் நான் நம்புவது ரிம்மை. கை வைத்தால் அதுவும் வெதுவெதுப்பாக இருந்தால் சூடு உள்ளே இறங்கிவிட்டது. மலிவான வார்மரில் அங்கங்கே சூடு குறைந்த இடம் இருக்கும். பாதி நேரத்தில் சுவிட்சை அணைத்து, வார்மரைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி ஒட்டினால் அந்த வித்தியாசம் பெரிதும் சமமாகும். இந்த ஒரு வேலையைச் செய்தால் மலிவு வார்மரே நன்றாகச் சூடேற்றும்.

இப்போது காற்று. அழுத்தத்தைச் சரிசெய்வது முழுக்க சூடேறிய பிறகுதான். 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ இருந்தால், உள்காற்று 80 டிகிரிக்குப் போகும்போது கணக்குப்படி அது 35 வரை ஏறும். ஆறியிருக்கும்போது பார்த்த எண்ணை நம்பி ஓட்டினால் டயர் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். டயர் செய்த நிறுவனம் சூட்டுக்கென்று ஒரு அளவு சொல்லியிருக்கும், வார்மர் டயரில் இருக்கும்போதே அந்த அளவுக்குக் காற்றை இறக்குங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு.

டிராக்கில் இறங்க அழைப்பு வந்ததும் ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கடைசியாகத்தான் சுவிட்சை அணைத்து வார்மரைக் கழற்ற வேண்டும். வெளிக்காற்றில் சில நிமிடங்களிலேயே சூடு இறங்கத் தொடங்கும், பிட் லேனில் (டிராக்குக்குள் இறங்கும் வழி) வரிசை நீண்டால் இன்னும் மோசம். டயர் சூடாக இருந்தாலும் பிரேக்கும் நீங்களும் இன்னும் தயாராகவில்லை, ஆகவே முதல் லேப்பில் கொஞ்சம் அடக்கமாகவே போங்கள்.

திரும்பி வந்ததும் தாமதிக்காமல் மறுபடி சுற்றிவிடுங்கள், கொதிக்கும் டிஸ்க்கில் துணி படாமல் பார்த்துக்கொண்டு. நாள் முடிந்ததும் வார்மர் நன்றாக ஆறிய பிறகே மடியுங்கள், சூட்டோடு மடித்தால் உள்ளிருக்கும் கம்பி முறியும். அதே பைக்கில் சாலையில் திரும்பப் போவதாக இருந்தால் டயர் ஆறியதும் காற்றைப் பாருங்கள். சூட்டில் இறக்கியதால் இப்போது ரொம்பக் குறைந்திருக்கும், நிரப்பாமல் கிளம்ப வேண்டாம்.