பழைய ரிக்கார்டுகளை ஆன்லைன் ஏலத்தில் விற்பது எப்படி

பரணில் கிடந்த ஒரு பெட்டி ரிக்கார்டுக்குக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு ஒரு தொகை சொல்வார். இணையத்தில் தேடினால் அதே தட்டுக்கு யாரோ ஐம்பதாயிரம் கேட்டிருப்பார். இரண்டுமே விலை அல்ல. விலை தெரியாத பொருளுக்கு விலை கண்டுபிடித்துத் தருவது ஏலம்தான். ஆனால் அது எந்தத் தட்டு, என்ன நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள் துல்லியமாகச் சொன்னால்தான் ஏலம் அந்த வேலையைச் செய்யும்.

எடுத்ததும் துடைக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் வேகப்படி பிரியுங்கள். கனமாக, வளையாமல் இருக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு அரக்கு கலந்து செய்தது. கை நழுவினால் உடைந்துவிடும். 7 அங்குல ஈ.பி. பெரும்பாலும் 45 சுற்று, 12 அங்குல எல்.பி. 33⅓ சுற்று, இவை வினைல். இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்பிரிட் தொட்டு 78-ஐத் துடைத்தால் அரக்கு கரைந்து தட்டே பாழாகிவிடும். அதற்கு ஈரத்தைப் பிழிந்தெடுத்த மென்துணி போதும். வினைலில் பூஞ்சைப் புள்ளி இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, வரிகள் போகும் திசையிலேயே துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது.

அடுத்து அடையாளம். அட்டையிலும் லேபிளிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு தட்டாகப் பாருங்கள். வீட்டில் பல வருடம் புழங்கிய ரிக்கார்டுகளில் அட்டை மாறிப் போயிருப்பது சகஜம். அதைக் கவனிக்காமல் விற்றால் பொருள் திரும்பி வரும், பெயரும் கெடும். எண்ணின் முன்னெழுத்துகளும் தகவல்தான்: எச்.எம்.வி. எல்.பி.களில் இ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ. கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அங்கே பொறித்த எண் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். நன்றாக விற்ற தட்டைப் பல வருடம் திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். எது முதல் அச்சு, எது பிந்தியது என்று பிரித்துப் பார்க்க இந்த எண்ணும், லேபிளின் நிறமும் வடிவமும், அட்டையின் அடியில் உள்ள பொடி எழுத்தும் உதவும். சேகரிப்பவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

விலை பார்க்கும்போது கேட்ட விலையை விட்டுவிட்டு, விற்ற விலையைப் பாருங்கள். ஏலத் தளமான ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. ரிக்கார்டுகளுக்கான டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இதுவரை போன குறைந்த விலை, இடைநிலை விலை, அதிக விலை மூன்றும் கிடைக்கும். பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகளைத் தேடலாம். பெயர்பெற்ற பாடகர் என்பதால் விலை ஏறிவிடாது. வீட்டுக்கு வீடு இருந்த பக்திப் பாடல், கதை வசன ரிக்கார்டுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அவற்றைப் பத்து இருபதாகச் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பதே நல்லது. ஓடாத படத்தின் ஈ.பி., அதிகம் அச்சாகாத நாதஸ்வரத் தட்டு, சின்தசைசரும் டிஸ்கோ தாளமும் உள்ள எண்பதுகளின் சினிமா எல்.பி. போன்றவற்றைத் தனித்தனியாக ஏலத்தில் விடுங்கள். அந்தக் கடைசி வகையை வெளிநாட்டு டி.ஜே.க்களும் தேடுகிறார்கள்.

தரம் போடுவதில்தான் பெரும்பாலான தகராறு. உலகம் முழுக்கப் புழங்குவது கோல்ட்மைன் அளவுகோல்: மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., குட் என்று இறங்கிக்கொண்டே போகும். தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் எனத் தனித்தனியாகப் போடுங்கள். ஒற்றை பல்பின் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் தெரியும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் பாட்டிலும் கேட்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அடிக்கடி ஓடிய தட்டு என்று அர்த்தம். 78-ல் விளிம்புச் சில்லும் மயிரிழை விரிசலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிக் கேட்டிருந்தால் எந்தப் பாட்டில் ஊசி தாவுகிறது என்றே எழுதிவிடுங்கள். கேட்கவில்லை என்றால் பார்த்து மட்டும் தரம் போட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு தரத்துக்கு நடுவே தயங்கினால் கீழே உள்ளதையே போடுங்கள்.

படங்களில் இரண்டு லேபிளும், அட்டையின் இரு பக்கமும், முதுகும், மேட்ரிக்ஸ் எண்ணும், ஒவ்வொரு குறையின் நெருக்கப் படமும் இருக்கட்டும். ஈபே தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். ‘அபூர்வம்’ போன்ற சொற்களுக்கு அதைச் செலவழிக்காமல் படம், இசையமைப்பாளர், மொழி, நிறுவனம், எண், தரம் ஆகியவற்றைப் போடுங்கள். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை விவரத்திலும் கொடுங்கள்.

ஏலம் நடக்கும் விதம் புரிந்தால் பதற்றம் இருக்காது. ஒருவர் 6,000 வரை, இன்னொருவர் 4,000 வரை என்று உச்சவரம்பு வைத்தால், அடுத்தவரை முந்தத் தேவையான அளவுக்கே தளம் விலையை ஏற்றும், தட்டு 4,000-க்குச் சற்று மேலேதான் போகும். இரண்டாவது ஆள் வராவிட்டால் நீங்கள் வைத்த ஆரம்ப விலைக்கே போய்விடும். ஆகவே ஒரே ஆள் கேட்டாலும் மனம் நோகாமல் கொடுக்கக்கூடிய தொகையை ஆரம்ப விலையாக வையுங்கள். ஏழு நாள் வைத்து, ஞாயிறு இரவு எட்டரைக்கு முடியும்படி அமையுங்கள். அப்போது சிங்கப்பூரில் இரவு 11 மணி, லண்டனில் பிற்பகல், நியூயார்க்கில் முற்பகல். ஆறு நாள் அசையாத விலை கடைசிப் பத்து வினாடியில் ஏறுவதும் உண்டு.

நடுவில், ‘ஏலத்தை நிறுத்துங்கள், இவ்வளவு தருகிறேன்’ என்று ஒருவர் செய்தி அனுப்புவார். உங்களுக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுத்துவிட்டு, அந்தத் தட்டின் எண்ணை இன்னொரு முறை தேடிப் பாருங்கள். உள்நாட்டு ஃபேஸ்புக் குழுக்களில் விற்கும்போது, பணம் வர கியூ.ஆர். ஸ்கேன் செய்யச் சொன்னாலோ பின் நம்பரைப் போடச் சொன்னாலோ அது மோசடி, யு.பி.ஐ.யில் பணம் பெறப் பின் தேவையே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்பவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. பெட்டியில் மிகப் பழைய 78-ஓ, தாத்தா காலத்து ஸ்வர நோட்டோ இருந்தால் உள்நாட்டிலேயே விற்றுவிடுங்கள்.

கடைசியாக பேக்கிங். எல்.பி.யை அட்டைக்கு உள்ளேயே விட்டு அனுப்பினால் வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டைக்குப் பின்னால் வையுங்கள். இருபுறமும் 33 சென்டிமீட்டர் சதுர நெளியட்டைகளை (பார்சல் பெட்டி செய்யும் அட்டை) இரண்டிரண்டாக, நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி வைத்து டேப் போடுங்கள். 78 என்றால் இப்படிக் கட்டியதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்குக் கசக்கிய காகிதம் திணியுங்கள். ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக்கூடாது. லேபிள் எண் தெரிவதிலிருந்து டேப் ஒட்டி முடிப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து, வாங்கியவர் பொருள் கிடைத்ததாகச் சொல்லும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.