அப்பத்தாவைச் சக்கர நாற்காலியோடு கப்பலிலிருந்து கரையிறக்க

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் சொகுசுக் கப்பலில் அப்பத்தாவையோ ஐயாவையோ அழைத்துப்போக நினைக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். கப்பலுக்குள் லிஃப்ட் இருப்பதால் நடமாட்டத்தில் பெரிய சிரமம் இல்லை. ஊர் வந்து இறங்கும்போதுதான் எல்லாச் சிரமமும்.

டிக்கெட் போடுமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எந்தெந்த ஊரில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும், எங்கே கடலில் நங்கூரம் போட்டு, டெண்டர் என்னும் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள்? பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் மேடையை ஒட்டியே நிற்கும். புக்கெட்டில் பத்தோங் கடற்கரை என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டெண்டர்தான்.

டெண்டரில் ஏற, பல கப்பல் நிறுவனங்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன: பயணி எழுந்து இரண்டு மூன்று எட்டாவது தானே வைக்க வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவே இடைவெளி விரிந்து சுருங்கும். அந்த இடத்தில் ஆளோடு நாற்காலியைத் தூக்குவது ஆபத்து, ஊழியர்களும் தூக்க மாட்டார்கள். மடக்கிய நாற்காலியைத் தனியாக வாங்கி வைப்பார்கள். கனமான மோட்டார் நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. அன்றைய அலையைப் பார்த்துக் கேப்டன் வேண்டாம் என்றால் அதோடு சரி. அப்பத்தாவால் எழுந்து நிற்கவே முடியாது என்றால், துறைமேடை உள்ள ஊர்களாகப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். டெண்டர் ஊருக்குப் போய் இறங்க முடியாமல் ஏமாந்து திரும்புவதைவிட அது எவ்வளவோ நல்லது.

சக்கர நாற்காலிக்கான அறைகள் சிலவே. முதலில் தீர்வதும் அவைதான். நம்மூரில் சாதாரணமாக விற்கும் மடக்கு நாற்காலி விரித்தால் 25, 26 அங்குல அகலம் வரும். பல கப்பல்களில் சாதாரண அறைக் கதவுக்குள் அது நுழையாது. அகலம், எடை, மடக்கிய உயரம் மூன்றையும் அளந்து பதிவு செய்யும்போதே கொடுங்கள். மோட்டார் நாற்காலியென்றால் திருச்சியில் விமானம் ஏறுமுன் பேட்டரியின் வாட்-ஹவர் அளவையும் பாருங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும். கழற்றிக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும்.

துறைமேடைக்கு இறங்கும் சரிவுப்பாலத்தைக் கேங்வே என்பார்கள். ஓதம் ஏறி வற்றுவதைப் பொறுத்து அதன் சரிவு மாறும். காலையில் சாய்வாக இருந்தது மாலையில் செங்குத்தாக நிற்கலாம். குறுக்கே வரிசையாகக் கட்டை அடித்திருப்பதும் உண்டு. பாலம் தரையைத் தொடும் இடத்தில் இரும்புத் தகடு இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி நிற்கும். முன்னோக்கித் தள்ளிக்கொண்டு இறங்கினால் சின்ன முன்சக்கரம் அதில் சிக்கி நாற்காலி சட்டென நிற்கும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார்.

அதனால் பின்பக்கமாக இறக்குங்கள். தள்ளுபவர் கீழ்ப்பக்கம், நாற்காலிக்குப் பின்னால். பெரிய சக்கரம் முதலில் இறங்கட்டும். இன்னொருவர் முன்னால் நின்று சட்டத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். உட்காருபவர் கை வைக்கும் கைதாங்கியையோ கால்மிதியையோ பிடித்துத் தூக்கக் கூடாது; கழன்று கையோடு வந்துவிடும். இடுப்பு பெல்ட் கட்டாயம். மோட்டார் நாற்காலியைச் சரிவில் கையால் தள்ளும் நிலைக்கு மாற்றவே கூடாது, அந்த நிலையில் பிரேக் பிடிக்காது. கண்டாங்கிச் சேலையின் முந்தானையை மடியில் சுருட்டிப் பின் குத்திவிடுங்கள். தொங்கவிட்டால் சக்கரக் கம்பியில் சுற்றிக்கொண்டு ஆளையே இழுக்கும்.

ஒத்திகைக்கு நம் வீட்டு நிலைப்படியே போதும். ஏறும்போது, பின்சக்கரத்துக்கு உள்ளே தரையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, கைப்பிடியைப் பின்னால் சாய்த்தால் முன்சக்கரம் எழும்பும். அதைப் படிக்கு அப்பால் வைத்து, பெரிய சக்கரம் படியில் முட்டும்வரை தள்ளி, பிறகு தூக்கித் தள்ளுங்கள். இறங்கும்போது பின்பக்கமாக. முதலில் ஆளில்லாமல், பிறகு ஓர் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி, கடைசியில் அப்பத்தாவை உட்காரவைத்து. முகப்பிலிருந்து வளவுக்கு நாலு நாள் போய்வந்தால் கை பழகிவிடும். ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுவதை வைத்து வெளியிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

பினாங்கில் கடை முகப்பை ஒட்டிய அஞ்சடி நடைபாதை, கடைக்குக் கடை ஏறி இறங்கும். சக்கரம் தொடர்ந்து ஓடாது. சாலையோரமாகப் போங்கள், அல்லது டாக்ஸி பிடியுங்கள். தண்ணீர்மலைக் குன்றுக் கோயிலுக்கு ஐநூறுக்கும் மேல் படிகள். அடிவாரத்தில் நகரத்தார் கோயில் இருக்கிறது. முருகனை அங்கேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.

திரும்பி ஏறக் கடைசி நேரம் எது என்று இறங்கும்போதே கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வந்துவிடுங்கள். பாலம் செங்குத்தாக நின்றால் அவசரப்படாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். அப்பத்தா முகம் மேலே பார்த்திருக்க, ஒருவர் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் முன்சட்டத்தைப் பிடித்து இழுத்தால் ஏறிவிடலாம்.