டர்பனில் ஃபோர் பை ஃபோர் வண்டி வைத்திருப்போருக்கு

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளில் நம்மவர் வீட்டு முற்றங்களில் நிற்கும் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரங்களும் இயங்கக்கூடிய) வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதியைத் தார்ச்சாலையில்தான் கழிக்கின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் கோவிலுக்கும் ஓடிய வண்டியை, விடுமுறை வந்ததும் சோட்வானா மணலுக்கோ டிரேக்கன்ஸ்பர்க் மலைக்கோ கொண்டுபோகிறோம். கரடுமுரடான பாதையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம் அது. ஆனால் இரண்டு பயணங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் கவனிப்பாரின்றி நிற்பதையும், கடற்காற்றின் உப்பையும் அதனால் தாங்க முடிவதில்லை. எனவே பயணத்தைப் பற்றிச் சொல்வதைவிடப் பராமரிப்பைப் பற்றிச் சற்று அதிகமாகவே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் இயக்க அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் போன்றவை தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. (இவ்விரண்டும் நம் பிராஸ்பெக்டன் ஆலையிலேயே தயாராவதால், உதிரிபாகத்துக்கும் பழுது பார்ப்பவருக்கும் டர்பனில் பஞ்சமில்லை.) இவ்வகை வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் திரும்பக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இரண்டையும் இணைத்திருக்கும் அமைப்பு அதற்கு இடம் கொடுக்காமல் முறுக்கேறி, பற்சக்கரங்களையும் தண்டுகளையும் வருத்தும். லேண்ட் ரோவர் டிஃபெண்டரைப் போல எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பற்சக்கர அமைப்பு) இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் அவற்றுக்கும் இதே விதிதான்.

தார்ச்சாலையில் போடக் கூடாது என்பதால் பலர் அந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. இது தவறு. முன்சக்கரங்களை இணைக்கும் பாகம் நீண்ட நாள் அசையாமல் கிடந்தால், டர்பனின் ஈரக்காற்றில் இறுகிப்போய், மணலில் புதைந்த நாளில் வேலை செய்ய மறுக்கும். மாதம் ஒரு முறையாவது சரளைப் பாதையிலோ ஈரப் புல்வெளியிலோ நான்கு சக்கர இயக்கத்தையும், லோ ரேஞ்சையும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர் வரிசை), டிஃப் லாக் (டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி) இருந்தால் அதையும் போட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டுங்கள்.

அடுத்தது டயர். என் கருத்தில், இந்த வண்டிக்காக நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே மிகுந்த பயன் தருபவை நல்ல காற்றழுத்தமானியும் சிறிய கம்ப்ரசரும்தான். வெளிச்சக் கம்பிகளும் கூரைத் தட்டுகளும் பிறகு வரட்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அழுத்தம் தார்ச்சாலைக்கு உரியது. சரளைப் பாதையில் அதைச் சுமார் 1.8 பார் அளவுக்கு இறக்கினால், டயர் கற்களின் மேல் வளைந்து கொடுத்து, அதிர்வையும் வெட்டுக் காயத்தையும் குறைக்கும். தெம்பே யானைப் பூங்காவில் இருப்பதைப் போன்ற ஆழ்ந்த மணலில் 1.0 முதல் 1.2 பார் வரை இறக்கலாம். காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீண்டு, வண்டியின் எடை பரவி, சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறி ஓடும். ஆனால் அழுத்தம் குறைந்த டயரை வேகமாக ஓட்டினால் அதன் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். சட்டென்று திருப்பினால் டயர் சக்கரத்தின் உலோக விளிம்பை விட்டுக் கழன்றுகூடப் போகும். ஆகவே தார்ச்சாலையைத் தொட்டவுடன், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நிறுத்திக் காற்றை நிரப்பிய பிறகே புறப்படுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடிப்பு விடும். மாற்று டயரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதையும் இறக்கிப் பார்க்க வேண்டும்.

கடலும் மீன்பிடிப்பும் டர்பனில் வாழும் நம்மவருக்குப் பல தலைமுறைப் பழக்கம். பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2002ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது; என்றாலும் அனுமதி உள்ள இடங்களில் படகை இறக்க நம் வண்டிகள் தண்ணீருக்குள் பின்வாங்கிப் போகத்தான் செய்கின்றன. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். அது சட்டென்று குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் (உள்ளே காற்று போய்வர வைத்த சிறு குழாய்) வழியாகவும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்கள் வழியாகவும் உப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. தண்ணீரில் இறக்குவதற்கு முன் வண்டியைச் சிறிது நேரம் ஆறவிடலாம். அல்லது மூச்சுக்குழாயை ஒரு நீளமான ரப்பர் குழாயால் எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். இரண்டாவது செலவு குறைந்த வேலை, ஒருமுறை செய்தால் போதும். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; அன்றே மாற்றிவிடுங்கள்.

கடலுக்குப் போய் வந்த அன்று மாலையே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டுக் கீழே உப்பை விட்டுவைப்பதால் பயனில்லை. சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிக்கட்டமைப்பின்) நீண்ட பெட்டிச் சட்டங்களுக்குள் மணலும் உப்பும் தங்கும் என்பதால், அவற்றின் துளைகள் வழியாகக் குழாயை நுழைத்து, வெளிவரும் நீர் தெளிவாகும் வரை அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு துருத்தடுப்பு மெழுகைத் தெளிக்கலாம். பிரேக் வட்டுகளிலும் புகைக்குழாயிலும் மட்டும் அது படக் கூடாது. பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஒரு டார்ச் விளக்கோடு அடியில் படுத்து இந்தச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், அரித்துப்போன சேசிஸுக்குச் செய்ய அதிகம் ஒன்றுமில்லை.

ஆற்றைக் கடப்பதற்கு முன் நடந்து ஆழம் பார்க்கச் சொல்வது வழக்கம். ஜூலுலாந்து ஆறுகளில் முதலைகள் இருப்பதால் அந்த அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. நடந்து பார்க்க முடியாத நீரில் வண்டியையும் இறக்காதீர்கள். தாழ்வான பாலத்தின் மேல் நீர் ஓடினால் காத்திருப்பதே சரி. முழங்காலுக்குச் சற்று மேல் ஓடும் நீரே கனமான வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

புதைந்த வண்டியை மீட்பதில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் இழுவைப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பறந்து ஆளைக் கொல்லும். அப்படி இறந்தவர்கள் உண்டு. சேசிஸோடு பொருத்தப்பட்ட மீட்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இழுக்கும்போது குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் பட்டையின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நேரங்களில், மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னுள்ள மணலை அள்ளி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினாலே வண்டி தானாக வெளியே வந்துவிடும்.

பக்கி வண்டி (திறந்த பின்கட்டு உள்ள வண்டி) வைத்திருப்பவரைத் திருவிழாக் காலத்தில் உறவினர்கள் தேடி வருவது இயல்பு. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது அண்டாக்களையும் விறகையும் ஏற்றிப் போவது நல்ல காரியமே. எடை வண்டியின் வரம்புக்குள் இருக்கட்டும்; கனமானவை முன்பக்கமாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும்; பின்கட்டில் ஆள்களை ஏற்ற வேண்டாம். சிந்திய கூழையும் மோரையும் அன்றே கழுவிவிட்டால் தகடு அரிக்காது.

ஹ்லுஹ்லுவேயிலிருந்து கோசி பே போகும் ஆர்22 சாலையில் மாடுகள் இருட்டிலும் சாலையில் நிற்கும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும்படி புறப்படுங்கள். உயரமான, கனமான வண்டி அவசரத்தில் சிறிய காரைப் போல வளைந்து கொடுக்காது. நான்கு சக்கர இயக்கம் புறப்படவும் ஏறவும் உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது.

சானி கணவாய் ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரத்தில் லெசோத்தோவுக்குள் நுழைகிறது. தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடிக்கு மேலே ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். கடவுச்சீட்டு வேண்டும், வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை கடக்க வங்கியின் கடிதமும் வேண்டும். உயரம் கூடக் கூட டர்போ இல்லாத எஞ்சினின் வலு குறையும் என்பதால் முன்கூட்டியே லோ ரேஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது லோ ரேஞ்சில் முதல் கியரையோ இரண்டாம் கியரையோ போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். அடிவாரம் வரும் முன்பே எரிந்த வாடை வந்தால், அகலமான திருப்பத்தில் ஒதுக்கி நிறுத்தி, பிரேக் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள்.